‘தாக்கம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம்

அறிவியல், தொழில்நுட்பம், சமூகம் மூன்றையும் சேர்த்து ஓர் ஆய்வுத் தலைப்பு சொல்லுங்கள் என்று இளநிலை மாணவர்களிடம் கேட்டால், வருகிற பதில்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். ‘இளைஞர்கள் மீது கைபேசியின் தாக்கம்’, ‘கல்வியில் செயற்கை நுண்ணறிவின் தாக்கம்’, ‘குடும்ப உறவுகளில் சமூக ஊடகங்களின் தாக்கம்’. தலைப்பைப் படித்ததுமே கடைசி அத்தியாயத்தையும் சொல்லிவிடலாம். நன்மையும் உண்டு, தீமையும் உண்டு, அளவோடு பயன்படுத்த வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பருவம் முழுக்க உழைப்பானேன்?

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சிக்கல் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. தாக்கம் என்றாலே தாக்குவது ஒன்று, தாக்கப்படுவது இன்னொன்று. கைபேசி எங்கிருந்தோ வந்து விழுகிறது, சமூகம் அடி வாங்கிக்கொண்டு நிற்கிறது, ஆய்வாளர் காயங்களை எண்ணுகிறார். அந்தக் கைபேசியை யார் வடிவமைத்தார்கள், வேறு என்னென்ன வடிவங்கள் சாத்தியமாக இருந்தன, யார் பணம் போட்டார்கள், வாங்கியவர்கள் அதை எந்தெந்த எதிர்பாராத வேலைக்குப் பயன்படுத்தினார்கள், வாங்க மறுத்தவர்கள் யார் என்ற கேள்விகள் எல்லாம் தலைப்பிலேயே அடிபட்டுப் போய்விடுகின்றன.

கருவி தன்பாட்டில் வளரும், சமூகம் அதன் பின்னால் ஓடும் என்ற இந்த நம்பிக்கைக்குத் ‘தொழில்நுட்ப நிர்ணயவாதம்’ என்று பெயர். இதைச் சந்தேகித்தவர்கள் 1960களிலும் 70களிலும் ஒரு தனித் துறையையே உருவாக்கினார்கள். வரலாற்றாளர், சமூகவியலாளர், மெய்யியலாளர், மானுடவியலாளர் என்று பல வீட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்த இடம் அது. தமிழில் ‘அறிவியல் தொழில்நுட்பச் சமூக ஆய்வுகள்’ எனலாம். பெயர்தான் நீளம், அடிப்படைக் கேள்வி சின்னது. இந்தப் பொருள் ஏன் வேறு மாதிரி இல்லாமல் இப்படி இருக்கிறது?

இது முனைவர் பட்டக்காரர்களின் வேலை, இளநிலையில் எதற்கு என்று தோன்றலாம். அமெரிக்காவின் வொர்செஸ்டர் பாலிடெக்னிக் நிறுவனம் 1970-ல் தன் பாடத்திட்டத்தை மாற்றி அமைத்தபோது, பொறியியல் மாணவர்களும் அறிவியல் மாணவர்களும் தங்கள் துறைக்கு வெளியே, தொழில்நுட்பமும் சமூகமும் உரசிக்கொள்ளும் ஒரு சிக்கலை ஆராய்ந்தாக வேண்டும் என்று விதித்தது. இன்றும் அது அங்கே கட்டாயம். கோட்பாட்டை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. நல்ல உதாரணங்கள் சிலவற்றை ஆழமாகத் தெரிந்துகொண்டால் போதும்.

சைக்கிளின் கதை

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் படிப்பது சைக்கிளைப் பற்றித்தான். பலமுறை சொல்லப்பட்ட கதை என்றாலும் இதைவிடத் தெளிவான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

1870களின் சைக்கிளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்கும், பின்சக்கரம் தட்டு அளவுதான். பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சில் பொருத்தப்பட்டிருந்தது. ஒரு முறை மிதித்தால் சக்கரம் ஒரு முறை சுற்றும். ஆகவே வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதுதான் வழி. அதில் ஏறுவதே ஒரு வித்தை. சின்னக் கல் தட்டினாலும் ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தலைகுப்புற விழுவார்.

இதை ஒரு மோசமான வடிவம், பிறகு வந்த நல்ல வடிவம் அதை அகற்றிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகலாம். 1984-ல் ட்ரெவர் பின்ச், வீபே பைக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லாமல் வேறொன்றைக் கேட்டார்கள். மோசம் என்றால் யாருக்கு? வசதியும் துணிச்சலும் உள்ள இளைஞர்களுக்கு அந்த ஆபத்துதான் கவர்ச்சி. அவர்கள் கண்ணில் அது வீரத்தைக் காட்டும் வண்டி. நீண்ட பாவாடை உடுத்திய பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் அது ஏறவே முடியாத வண்டி. இரும்பும் ரப்பரும் ஒன்றாக இருந்தாலும் அங்கே இருந்தவை இரண்டு வண்டிகள் என்பது அவர்கள் வாதம். ஒரே கருவிக்கு ஆளுக்கு ஆள் வேறு அர்த்தம் இருப்பதைப் ‘பொருள் நெகிழ்வு’ என்கிறார்கள். அந்தப் பொருளோடு உறவுள்ள ஒவ்வொரு கூட்டமும் ‘தொடர்புடைய சமூகக் குழு’.

காற்று அடைத்த டயர் இன்னும் சுவையானது. 1888-ல் ஜான் பாய்ட் டன்லப் அதற்குக் காப்புரிமை பெற்றபோது அதை அதிர்வு தடுக்கும் சாதனமாகத்தான் பார்த்தார்கள். பந்தயக்காரர்களுக்கு அதிர்வு ஒரு பிரச்சினையே இல்லை. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சிரித்தார்கள். 1889-ல் காற்று டயர் பூட்டிய வண்டிகள் பந்தயங்களில் ஜெயிக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. அதே டயர் இப்போது வேகத்துக்கான சாதனம். டயர் மாறவில்லை, அது எந்தப் பிரச்சினைக்கு விடை என்பது மாறிவிட்டது. சமமான சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட பாதுகாப்பு சைக்கிள் 1885 முதலே சந்தையில் இருந்தது. அதனுடன் இந்த டயரும் சேர்ந்த பிறகுதான் இழுபறி ஓய்ந்து, இன்றுவரை நாம் சைக்கிள் என்றதும் நினைக்கும் வடிவம் நிலைத்தது.

இதிலிருந்து மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு பழக்கம்: ‘ஜெயித்தது, எனவே சிறந்தது’ என்று எழுதாமல் இருப்பது. எடின்பரோவில் பணியாற்றிய சமூகவியலாளர் டேவிட் ப்ளூர் 1976-ல் இதை அறிவியலுக்கே ஒரு விதியாக வைத்தார். வென்ற கருத்தையும் தோற்ற கருத்தையும் ஒரே வகைக் காரணங்களால் விளக்க வேண்டும். ஜெயித்ததற்கு உண்மை காரணம், தோற்றதற்குச் சமூகம் காரணம் என்று ஓரவஞ்சனை கூடாது. கருவிகளுக்கு இதைப் பொருத்திப் பார்க்க ஃபிரிட்ஜ் நல்ல எடுத்துக்காட்டு. மோட்டாரே இல்லாமல், எரிவாயுச் சுடரின் வெப்பத்தால், சத்தமின்றிக் குளிரூட்டும் ஃபிரிட்ஜ் 1920களிலேயே இருந்தது. நகரும் பாகங்கள் இல்லாததால் பழுதும் குறைவு. பிறகு ஏன் நம் ஃபிரிட்ஜ் ராத்திரியில் முனகுகிறது? ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் மின் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜின் பின்னால் ஆராய்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் கொட்டிய பணத்தை எரிவாயுக் கட்சியால் ஈடுகட்ட முடியவில்லை என்று வரலாற்றாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் காட்டினார். மின்சார ஃபிரிட்ஜ் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால் யாருக்கு லாபம் என்று யோசித்தால் மின் நிறுவனங்களின் ஆர்வமும் புரியும்.

வாங்கியவர்கள் சும்மா இருப்பதில்லை

ஃபோர்டின் மாடல் டி கார் 1908-ல் வந்தது. அமெரிக்க விவசாயிகள் அதில் ஊருக்குப் போய் வந்தார்கள், சரி. அதோடு பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தில் பெல்ட்டை மாட்டி, அதைக் கொண்டு விறகு அறுத்தார்கள், தானியம் அரைத்தார்கள், துணி துவைக்கும் இயந்திரத்தைக்கூட ஓட்டினார்கள். வரலாற்றாளர் ரொனால்டு க்லைன், சைக்கிள் கதையில் வந்த பின்ச் இருவரும் 1996-ல் இதைப் பற்றி எழுதினார்கள். கார் என்ன பொருள் என்பதை ஆலை மட்டும் தீர்மானிக்கவில்லை. டிராக்டரும் மின்சாரமும் பண்ணைகளுக்கு வந்த பிறகுதான் காருக்கு அந்தக் கூடுதல் வேலைகள் குறைந்தன.

தொலைபேசியும் அப்படித்தான். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் ஆரம்பத்தில் அதை வியாபாரத்துக்கும் அவசரத்துக்கும் உரிய கருவியாக விற்றன. சும்மா அரட்டை அடிப்பதை, அதுவும் பெண்கள் அரட்டை அடிப்பதை, இணைப்பை வீணாக்குவதாகவே நினைத்தன. மக்கள் கேட்டால்தானே? பேசிக்கொண்டே இருந்தார்கள். உறவினரோடும் நண்பரோடும் பேசத் தொலைபேசி வாங்குங்கள் என்று நிறுவனங்களே விளம்பரம் செய்யப் பல பத்தாண்டுகள் ஆயின. சமூகவியலாளர் க்லாட் ஃபிஷர் இதைப் பழைய விளம்பரங்களையும் நிறுவன ஆவணங்களையும் வைத்து நிறுவினார். பழைய விளம்பரம் ஓர் ஆய்வுத் தரவு என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும், யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதும் இல்லை.

எல்லாக் கதையும் பயனர்களின் வெற்றிக் கதையாக முடிவதில்லை. அமெரிக்காவில் வேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் 1920களில் வாரத்துக்கு ஏறக்குறைய 52 மணி நேரம் வீட்டுவேலை செய்தார்கள். துணி துவைக்கும் இயந்திரம், வாக்குவம் க்ளீனர், நவீன அடுப்பு எல்லாம் வந்த பிறகு, 1960களில்? ஏறக்குறைய 55 மணி நேரம். நேரக் கணக்கேடுகளை ஒப்பிட்டு ஜோன் வானெக் 1974-ல் வெளியிட்ட கணக்கு இது. இயந்திரங்கள் வேலை செய்யவில்லையா? செய்தன. ஆனால் கம்பளத்தை வெளியே தூக்கிப்போய் அடிப்பது, விறகு பிளப்பது, கரி சுமப்பது போன்று ஆண்களும் பிள்ளைகளும் பங்கு போட்ட வேலைகள் மறைந்தன. பெண்ணின் கணக்கில் இருந்த வேலைகள் எளிதாகி, எளிதானதாலேயே அடிக்கடி செய்ய வேண்டியவை ஆயின. வாரம் ஒருமுறை மாற்றிய சட்டையைத் தினமும் மாற்றலாம் என்றானது. யார் துவைப்பது என்ற கேள்வியை எந்த இயந்திரமும் தொடவில்லை. முன்பு சொன்ன கோவன்தான் இந்த விளக்கத்தையும் முன்வைத்தார். ‘நேரம் மிச்சமாகும்’ என்று ஒரு கருவியின் பெட்டியில் எழுதியிருந்தால், யாருடைய நேரம் என்று உடனே கேட்க இந்த ஒரு உதாரணம் பழக்கிவிடும்.

ஆடு மேய்ப்பவர்களும் விஞ்ஞானிகளும்

இதுவரை கருவிகளைப் பார்த்தோம். அறிவியலையும் இப்படி ஆராய முடியுமா? அணுவும் வேதியியலும் யாருக்கும் ஒன்றுதானே?

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. கதிரியக்க மேகம் ஐரோப்பா முழுதும் பரவியது. மே மாதத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கம்ப்ரியா மலைப்பகுதியில் பெய்த கனமழை அதைத் தரைக்குக் கொண்டுவந்தது. ஜூன் மாதம் அங்குள்ள ஆடுகளை விற்கவும் வெட்டவும் அரசு தடை விதித்தது. மூன்று வாரம் பொறுத்தால் போதும் என்றார்கள் விஞ்ஞானிகள். மழையோடு இறங்கிய கதிரியக்கப் பொருளான சீசியம் மண்ணில் பிடித்துக்கொள்ளும், புல்லுக்கு ஏறாது, ஆடுகளின் உடலில் உள்ளதும் குறைந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

மூன்று வாரம் முடிந்தது. அளவு குறையவில்லை. தடை காலவரையின்றி நீண்டது. கடைசிக் கட்டுப்பாடுகள் நீங்கியது 2012-ல்.

என்ன நடந்தது? விஞ்ஞானிகளின் கணக்கு களிமண் நிலத்தை வைத்துப் போடப்பட்டது. அங்கே சீசியம் களிமண்ணில் சிக்கிக்கொள்ளும். மலையில் இருந்ததோ அமிலத்தன்மை கொண்ட, மட்கிய தாவரங்களால் ஆன மண். அதில் சீசியம் பிடிபடாமல் திரும்பத் திரும்பப் புல்லுக்கு ஏறி, ஆட்டுக்குப் போய், மண்ணுக்கே வந்தது. ஒரு மண்ணில் உண்மையாக இருந்த அறிவு அடுத்த மண்ணில் உண்மையாக இல்லை.

பிரையன் வின் என்ற ஆய்வாளர் அந்த விவசாயிகளோடு பேசினார். இந்த வேலையை இளநிலை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். விஞ்ஞானிகள் சொன்ன யோசனைகளில் ஒன்று, ஆடுகளுக்கு வைக்கோல் கொடுத்து வளர்ப்பது. மலை ஆடு வைக்கோலைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்பது மேய்ப்பவர்களுக்குத் தெரியும். இன்னொரு சோதனையில், மண்ணில் ஒரு கனிமத்தைத் தூவி, ஆடுகளை வேலிக்குள் அடைத்து, சீசியம் குறைகிறதா என்று பார்த்தார்கள். வேலிக்குள் அடைத்தால் இந்த ஆடுகள் மெலிந்துபோகும், சோதனை கெட்டுவிடும் என்றார்கள் விவசாயிகள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னர் அந்தச் சோதனை கைவிடப்பட்டது.

இன்னொன்றும் இருந்தது. அதே பகுதியில் இருந்த விண்ட்ஸ்கேல் அணு நிலையத்தில் 1957-ல் பெரிய தீ விபத்து நடந்திருந்தது. அப்போது உண்மையை மறைத்தவர்கள் இப்போது மட்டும் எல்லாப் பழியையும் செர்னோபில் மீது போடுவதை எப்படி நம்புவது என்று விவசாயிகள் கேட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இது ‘அறிவியல் தெரியாத மக்களின் பயம்’. கிட்டப் போய்ப் பார்த்தால் அனுபவத்தில் இருந்து எடுத்த ஒரு கணக்கு. ‘பொதுமக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்பது மாணவர் ஆய்வறிக்கைகளில் மிக மலிவாகக் கிடைக்கும் முடிவு. கம்ப்ரியாவைப் படித்துவிட்டு அந்த வரியை எழுதக் கொஞ்சம் கை நடுங்கினால் நல்லது.

அளவுகோலில் இருப்பது யார்?

எந்தக் கருவியிலும் ஒரு கற்பனை மனிதர் ஒளிந்திருக்கிறார். வடிவமைப்பாளர் யாரை மனத்தில் வைத்துச் செய்தாரோ அவர்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரைக் கோவிட் காலத்தில் உலகமே தெரிந்துகொண்டது. தோலின் வழியாக ஒளியைச் செலுத்தி அது அளக்கிறது. கருமையான தோல் அந்த ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும். 2020-ல் அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளை வைத்து வெளியான ஓர் ஆய்வு, ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியும் ரத்தப் பரிசோதனையில் உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்த நிகழ்வுகளை எண்ணியது. வெள்ளையின நோயாளிகளின் அளவீடுகளில் அது 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம். கருவிக்கு வெறுப்பு ஏதும் கிடையாது. சரிபார்த்தபோது யாருடைய விரல்கள் அதிகம் இருந்தன என்பதுதான் விஷயம்.

முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் மூன்றை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் 2018-ல் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களில் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களில் 34.7 சதவீதம் வரை போனது. மொத்தச் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்த இடைவெளி கண்ணில் பட்டிருக்காது. எண்களைக் குழு குழுவாகப் பிரித்துப் பார்ப்பது அவர்கள் செய்த எளிய, ஆனால் தீர்மானமான காரியம். கணினி தெரிந்த ஓர் இளநிலை மாணவரால் சின்ன அளவில் செய்யக்கூடியதுதான்.

கணினி தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஒரு சூரிய விளக்குப் பெட்டியைப் பிரெஞ்சு ஆய்வாளர் மட்லேன் அக்ரிஷ் ஆராய்ந்தார். பயனர் கையை வைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்று கம்பியின் நீளத்தை மாற்ற முடியாதபடியும், பிளக்குகளைச் சந்தையில் கிடைக்காத அளவிலும் செய்திருந்தார்கள். விளைவு, பெரிய அறையில் கம்பி எட்டவில்லை, பழுதானால் உள்ளூர் மின் பணியாளரால் சரிசெய்ய முடியவில்லை. திரைக்கதை போலக் கருவிக்குள் ஒரு கதை எழுதப்பட்டிருக்கிறது, பயனர் அதன்படி நடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது என்றார் அக்ரிஷ். ஒரு கருவியின் பயனர் கையேட்டை எடுத்து, இதை எழுதியவர் யாரைக் கற்பனை செய்தார், யாரைச் சந்தேகித்தார் என்று வரி வரியாகப் படியுங்கள். ‘திறக்கக் கூடாது’ என்று போட்டிருக்கும் இடமெல்லாம் ஒரு கேள்வி கிடைக்கும்.

பாலம் தரும் எச்சரிக்கை

இவ்வளவும் படித்த பிறகு ஒரு புதிய நோய் வரும். எதைப் பார்த்தாலும் அதற்குள் அரசியல் சதி தெரியும். அதற்கு மருந்தாக ஒரு பாலத்தின் கதை.

நியூயார்க் அருகே லாங் ஐலண்டில், கடற்கரைக்குப் போகும் சாலைகளின் மேலே பாலங்கள் மிகத் தாழ்வாக இருக்கும். நகரத் திட்டமிடலில் பெரும் அதிகாரம் படைத்த ராபர்ட் மோசஸ், பேருந்துகள் நுழையாமல் இருக்க வேண்டும், அதாவது காரில்லாத ஏழைகளும் கறுப்பினத்தவரும் கடற்கரைக்கு வரக்கூடாது என்றே அப்படிக் கட்டினார் என்று 1980-ல் ஆய்வாளர் லாங்டன் வின்னர் எழுதினார். கான்கிரீட்டுக்குள் அரசியல்! இந்த எடுத்துக்காட்டு வகுப்புக்கு வகுப்பு பரவியது. 1999-ல் சமூகவியலாளர் பெர்ன்வர்ட் யோர்கெஸ் அதை மறுத்தார். அந்தச் சாலைகளில் பேருந்தும் சரக்கு வண்டியும் எப்படியும் தடை செய்யப்பட்டிருந்தன, கடற்கரைக்குப் போக வேறு வழிகளும் இருந்தன என்று காட்டினார். மோசஸ் நல்லவர் என்று அவர் வாதாடவில்லை. அழகான கதை என்பதாலேயே பலர் சரிபார்க்காமல் திரும்பச் சொன்னார்கள் என்பதுதான் அவர் குற்றச்சாட்டு. பொருள்களுக்குள் அரசியல் இருக்கலாம் என்ற வின்னரின் கருத்து அதனால் செத்துவிடவில்லை. ஆனால் உங்களுக்குப் பிடித்த உதாரணம் எதுவோ அதைத்தான் இரண்டு மடங்கு சந்தேகிக்க வேண்டும்.

இனி உங்கள் ப்ராஜெக்ட்

முதல் அறிவுரை கொஞ்சம் சுவாரசியம் கெட்டது: பழையதை எடுங்கள். ஆய்வாளர் டேவிட் காலிங்ரிட்ஜ் 1980-ல் ஓர் இக்கட்டைச் சுட்டினார். தொழில்நுட்பம் புதிதாக இருக்கும்போது அதை மாற்றுவது எளிது, ஆனால் என்ன ஆகும் என்று தெரியாது. தெரிய வரும்போது அது வேரூன்றிவிடும், மாற்ற முடியாது. இது அரசுகளுக்குச் சொல்லப்பட்டது. மாணவருக்கும் பொருந்தும். நேற்று வந்த செயலியைப் பற்றி ஆதாரங்கள் இருக்காது, பரபரப்புதான் இருக்கும். இருபது ஆண்டு பழசான, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பொருளுக்கு ஆவணமும் இருக்கும், நினைவு வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். லிஃப்டின் பொத்தான், பார்கோடு, தானியங்கிக் கதவு, எது வேண்டுமானாலும்.

அடுத்து, சுருக்குங்கள். ‘சமூகம்’ என்ற சொல் தலைப்பில் இருந்தால் ஆய்வு இன்னும் தொடங்கவில்லை என்று பொருள். ஒரு பொருள், அதில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு, அந்த முடிவோடு வாழும் இரண்டு அல்லது மூன்று குழுக்கள். ஒரு பருவத்துக்கு இதுவே அதிகம்.

தரவு என்றதும் மாணவர்களின் கை தானாகக் கூகுள் ஃபார்முக்குப் போகிறது. வகுப்பு வாட்ஸாப் குழுவில் போட்டு, நூறு பதில் வாங்கி, வட்டப் படம் வரைந்துவிட்டால் ஆய்வு முடிந்தது. அந்த நூறு பேரும் ஒரே வயது, ஒரே கல்லூரி, பாதிப் பேர் நண்பனுக்காக நிரப்பியவர்கள். இதைவிடப் பத்துப் பேரோடு தலைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது மேல். பேசும்போது ‘இது உங்கள் வாழ்க்கையை மாற்றியதா’ என்று கேட்காதீர்கள். யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘கடைசியாக இதைப் பயன்படுத்தியபோது என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். பத்தில் இருவராவது அதைப் பயன்படுத்தாதவர்களாக இருக்கட்டும். மறுத்தவர், விட்டுவிட்டவர், கிடைக்காதவர் மூவரும் வேறு வேறு ஆட்கள். அவர்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடாதீர்கள்.

‘வந்ததற்கு முன், வந்ததற்குப் பின்’ என்ற ஒப்பீட்டில் ஒரு குழி இருக்கிறது. அதே காலத்தில் வேறு என்னென்ன மாறின? கட்டணம், சட்டம், வேலை நேரம், ஒரு தொற்றுநோய்? அவற்றை எழுதிவைத்து ஒவ்வொன்றாகக் கழிக்க முயலுங்கள். கழிக்க முடியாதவற்றை முடியவில்லை என்று அறிக்கையிலேயே சொல்லிவிடலாம். வைவாவில் அதற்காக யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், மறைத்தால்தான் குறைப்பார்கள்.

பேசுபவரின் சம்மதத்தை முதலிலேயே வாங்குங்கள். எதற்கு, எங்கே பயன்படும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்லி. இது வெறும் சடங்காக வந்த விதி அல்ல. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்கள் நூற்றுக்கணக்கானோரின் சிஃபிலிஸ் நோயை, அவர்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பெனிசிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல் ‘கவனித்து’க்கொண்டிருந்தார்கள். அது அம்பலமான பிறகு 1979-ல் வெளியான பெல்மண்ட் அறிக்கையிலிருந்துதான் இன்றைய ஆய்வு அறநெறி விதிகள் பலவும் வருகின்றன.

சரி, ‘இளைஞர்கள் மீது கைபேசியின் தாக்கம்’ என்று தலைப்பு கொடுத்த மாணவருக்கு என்ன சொல்வது? வாட்ஸாப்பின் இரண்டு நீலக் குறிகளை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். 2014 நவம்பரில் அவை வந்தன. அதுவரை செய்தி போய்ச் சேர்ந்ததா என்றுதான் தெரியும். இனி படித்தாயிற்றா என்பதும் தெரியும். பயனர்கள் கடுமையாக முணுமுணுத்தார்கள். விரைவிலேயே அணைத்துவைக்கும் வசதி தரப்பட்டது, ஆனால் நிபந்தனையோடு. நீங்கள் படித்ததைக் காட்டாவிட்டால் மற்றவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. குழுக்களில் அணைக்கவே முடியாது.

இதற்குள் எல்லாமே இருக்கிறது. தேதியிட்ட ஒரு முடிவு, எதிர்ப்பு, சமரசம், அந்தச் சமரசத்துக்குள் எழுதப்பட்ட ‘கொடுத்தால்தான் வாங்கலாம்’ என்ற ஒரு நீதி. படித்தும் பதில் போடாமல் இருப்பது எப்போது அவமரியாதை ஆனது? மேலதிகாரிக்கும் ஊழியருக்கும் அந்தக் குறி ஒன்றா? அறிவிப்புப் பட்டியில் செய்தியைப் படித்துவிட்டுத் திறக்காமல் வைத்திருப்பவர்கள் அந்தத் தந்திரத்தை யாரிடம் கற்றார்கள்? முதல் நேர்காணலை, குறியை அணைத்து வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து தொடங்குங்கள். ஏன் அணைத்தார் என்பதைவிட, அணைத்த அன்று முதலில் யார் கண்டுபிடித்துக் கேட்டார்கள் என்று கேளுங்கள்.